பவர் பேங்க்கும் அம்மாவோட சுருக்குப்பையும்

எங்க அப்பார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு அங்கிள் இருக்கார். மூணாவது மாடி. தண்ணி லாரி எப்ப வரும்னு கேட்டா பதில் வராது. ஆனா உலகத்துல எங்க எதைத் தடை பண்ணாலும் முதல் ஃபார்வர்டு அவர்கிட்டேர்ந்துதான்.

இந்தத் தடவை வந்தது இது: விமானத்துல பவர் பேங்க், லேப்டாப், சார்ஜர் எல்லாமே தடை, பிடிபட்டா அபராதம், எல்லாருக்கும் பகிருங்க.

தேதி கிடையாது. எந்த நாடுன்னு கிடையாது. எந்த விமான நிறுவனம்னு கிடையாது. சிவப்பு சைரன் எமோஜி மட்டும் ஒரு வரிசை.

வழக்கமா இதையெல்லாம் பாத்ததும் டெலீட் பண்ணிட்டு வேலையப் பாக்கப் போயிடுவேன். இப்ப முடியல. எங்கம்மா என் அக்கா வீட்டுக்குக் கிளம்புறாங்க. நியூஜெர்சி. துபாய்ல மாறணும். தனியா.

"ஏண்டி, அப்போ ஃபோனையும் புடுங்கிடுவாங்களா?"

"இல்லம்மா."

"அவர் போட்டிருக்காரே."

"அவர் போன மழைக்கு செம்பரம்பாக்கம் ஏரி உடைஞ்சிருச்சுன்னும்தான் போட்டாரு."

(உடையல. நாங்க அன்னைக்கு ராத்திரி தூங்கல. அது வேற கதை.)

சரி, இதுல எது நெசம் எது புருடான்னு உக்காந்து பாத்துடலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமையை இதுக்கே எழுதிவெச்சேன். பாத்ததுல ஒரு விஷயம் தெளிவாச்சு. இந்த விதிகளை மனப்பாடம் பண்றது வீண் வேலை. ஆளுக்கு ஆள் மாறுது, மாசத்துக்கு மாசம் மாறுது. எதுக்காக இந்த விதின்னு தெரிஞ்சிட்டா போதும், முக்கால்வாசியை நாமளே ஊகிச்சுடலாம்.

முதல்ல நெசம்.

2025 ஜனவரி 28. தென் கொரியாவுல பூசான் நகரத்து கிம்ஹே விமான நிலையம். ஏர் பூசான் விமானம் ஒண்ணு ஹாங்காங் கிளம்பத் தயாரா நிக்குது. இன்னும் தரையிலதான் இருக்கு. பின்பக்கம், தலைக்கு மேல பை வைக்கிற பெட்டியில தீ. உள்ள இருந்த 176 பேரும் சறுக்கு வழியா இறங்கித் தப்பிச்சாங்க. விமானத்தோட கூரை எரிஞ்சு திறந்துகிடந்த படம் நீங்களும் பாத்திருப்பீங்க. ஒரு பவர் பேங்க் உள்ள இருந்த காப்பு உடைஞ்சதுதான் காரணமா இருக்கும்னு மார்ச் மாசம் அந்த நாட்டு அரசாங்கம் சொல்லுச்சு.

இது மேல வானத்துல நடந்திருந்தா? அந்தக் கேள்விதான் எல்லாரையும் உலுக்கிருச்சு.

கொரியா மார்ச் 1-லேர்ந்து பவர் பேங்க்கை மேல் பெட்டியில வைக்கக்கூடாதுன்னுச்சு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் 1-லேர்ந்து, கொண்டு வா, ஆனா பறக்கும்போது அதுல சார்ஜ் போடாதேன்னுச்சு. எமிரேட்ஸ் அக்டோபர் 1-லேர்ந்து ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் 100 வாட் அவருக்குள்ள, உபயோகிக்கக்கூடாது, சீட்டுக்கு முன்னாடி இருக்குற பையிலயோ காலடியிலயோதான் வைக்கணும்னுச்சு.

நம்மூர்லயும் அதே அக்டோபர்ல, 19-ம் தேதி, டெல்லியிலேர்ந்து திமாப்பூர் போற இண்டிகோ விமானம் ஓடுபாதைக்கு நகந்துட்டு இருக்கும்போது ஒரு பயணியோட பவர் பேங்க் சீட் பையிலயே பத்திக்கிச்சு. அணைச்சுட்டாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அடுத்த மாசமே நம்ம நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான டிஜிசிஏ சுற்றறிக்கை விட்டாங்க: பவர் பேங்க் கைப்பையில மட்டும்தான், மேல் பெட்டியில கூடாது, பறக்கும்போது அதுல ஃபோன் சார்ஜ் பண்ணக்கூடாது.

ஆக, அங்கிள் சொன்னதுல ஒரு பங்கு நெசம். கொண்டு போறதுக்குத் தடை இல்ல, உபயோகிக்கத்தான் தடை. லேப்டாப்பும் சார்ஜரும் அவரே போட்ட தாளிப்பு.

இதை குரூப்ல போட்டேன். ரெண்டு பேர் கட்டை விரல் காட்டினாங்க. அங்கிள் பதிலுக்கு ஒரு "குட் மார்னிங்" ரோஜாப்பூ அனுப்பினார். விடுங்க.

இனி எங்க வீட்டு அலமாரி.

எங்க வீட்ல மொத்தம் எத்தனை பவர் பேங்க் இருக்குன்னு கட்டில்ல பரப்பிப் பாத்தோம். எங்க பெரும்பாக்கத்துல இருக்குறவங்களுக்குப் புரியும், ஏன் ஒவ்வொரு வீட்லயும் இவ்ளோ இருக்குன்னு. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில பாதிப்பேர் கத்துக்கிட்ட பாடம் அது. கரன்ட் போச்சுன்னா ஃபோன் செத்துடும், ஃபோன் செத்தா நாம எங்க இருக்கோம்னு யாருக்கும் தெரியாது. அப்புறம் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்துச்சு. மேடவாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் தண்ணிக்குள்ள. அந்தப் புயல் வடிஞ்ச கையோட நான் வாங்கினது ஒரு பெரிய செங்கல். 30000 எம்ஏஎச். வீட்ல எல்லாரோட ஃபோனுக்கும் சோறு போடும்.

அம்மா அதைத்தான் எடுத்து ஹேண்ட்பேக்ல வெச்சாங்க. "இருக்கறதுலயே நல்லது இதுதானே?"

வீட்டுக்கு நல்லதுதான். ஏரோப்ளேனுக்கு ஆகாது.

கணக்கு சொல்றேன், பயப்படாதீங்க, ஒரு பெருக்கல்தான். விமானக்காரங்க எம்ஏஎச் பாக்க மாட்டாங்க, வாட் அவர்தான் பாப்பாங்க. எம்ஏஎச்-ஐ 1000-ஆல வகுத்து 3.7-ஆல பெருக்குங்க (உள்ள இருக்குற லித்தியம் செல்லோட வோல்டேஜ் அது).

10000-ன்னா 37. 20000-ன்னா 74. 27000 வரைக்கும் போனா 99.9.

கடைசி எண்ணைப் பாத்தீங்களா? 27000 எம்ஏஎச்னு விசித்திரமான அளவுல ஏன் பவர் பேங்க் விக்கிறாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். 100 வாட் அவர்ங்கற கோட்டை உரசிட்டு நிக்கணும், அதுக்குத்தான்!

என்னோட மிக்ஜாம் செங்கல் 111. கோட்டுக்கு அந்தப் பக்கம். 100-லேர்ந்து 160 வரைக்கும் விமான நிறுவனத்துக்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கினா விடறது பொதுவான வழக்கம். சில நிறுவனங்க அதுவும் கிடையாதுன்னுடுச்சு. 160-க்கு மேல போனா பயணிகள் யாரும் கொண்டு போகவே முடியாது.

இதுல எனக்குப் பிடிச்ச காமெடி ஒண்ணு. தெருவோரத்துல ஐநூறு அறுநூறு ரூபாய்க்கு "50000 எம்ஏஎச்"னு போட்டு விப்பாங்க இல்லையா? தூக்கினா காத்து மாதிரி இருக்கும். உள்ள அவ்ளோ இருக்க வாய்ப்பே இல்ல. ஆனா செக்யூரிட்டியில இருக்குறவர் பிரிச்சா பாப்பார்? எழுதியிருக்கறதைத்தான் பாப்பார். 50000-ஐப் பெருக்கினா 185 வாட் அவர். குப்பைத்தொட்டிக்குப் போகும். விக்கிறதுக்காக அடிச்ச பொய்யே அதுக்கு வினையாயிடுது.

அதே மாதிரி எழுத்து அழிஞ்ச பவர் பேங்க். எங்க வீட்ல ரெண்டு அப்படி இருந்துச்சு. பேக்ல கிடந்து கிடந்து, சாவிக்கொத்து உரசி உரசி, பின்பக்கம் வழவழன்னு ஆயிடுச்சு. எவ்ளோ திறன்னு படிக்க முடியலன்னா வாங்கி வெச்சுக்கறதுக்கு அவங்களுக்கு முழு உரிமை உண்டு. அம்மா கறுப்பு மார்க்கர்ல நாமளே எழுதிடலாமான்னாங்க. அம்மா!

கடைசியில தேறினது ஒண்ணு. 10000 எம்ஏஎச், எழுத்து பளிச்னு, கம்பெனி பேரோட, 37 வாட் அவர்னு அச்சடிச்சது. அதோட எழுத்து மேல செலோடேப் ஒட்டிட்டேன், அழியாம இருக்க. சைனாக்குள்ள பறக்கறவங்களுக்கு இன்னொரு கொக்கி இருக்கு. 2025 ஜூன் 28-லேர்ந்து அந்த நாட்டு உள்நாட்டு விமானங்கள்ல அவங்க ஊரு 3சி முத்திரை இல்லாத பவர் பேங்க்கை ஏத்த மாட்டாங்க. கான்டன் கண்காட்சிக்குப் போற பர்மா பஜார் அண்ணன்மாரே, பாத்துக்கோங்க.

அம்மா கேட்ட அடுத்த கேள்வி ரொம்ப நியாயமானது.

"ஆபத்தான சாமான்னா கீழ பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட வேண்டியதுதானே? எதுக்கு மனுஷங்க பக்கத்துல வெச்சுக்கச் சொல்றான்?"

கேட்டாங்க பாருங்க. இதுக்கு பதில் சொல்ற ஒரு சம்பவம் நம்ம சென்னை விமானத்துலயே நடந்திருக்கு.

2016 செப்டம்பர். சாம்சங் கேலக்ஸி நோட் 7 அங்கங்க பத்திக்கிட்டிருந்த சமயம். அந்த ஃபோனை விமானத்துல ஆன் பண்ணவோ சார்ஜ் போடவோ கூடாதுன்னு டிஜிசிஏ அறிவிச்சு ரெண்டு வாரம்தான் ஆகியிருக்கும். 23-ம் தேதி சிங்கப்பூர்லேர்ந்து சென்னை வந்துட்டிருந்த இண்டிகோ விமானத்துல, 6இ 054, கருகுற வாடை. 23-வது வரிசை பக்கம் மேல் பெட்டியிலேர்ந்து புகை. பணிப்பெண்கள் அந்தப் பக்கம் இருந்தவங்களை வேற சீட்டுக்கு மாத்தினாங்க. பெட்டியைத் திறந்தா ஒரு ஃபோன்லேர்ந்து பொறி பறக்குது. அணைப்பானை அடிச்சாங்க. அப்புறம் அதைத் தூக்கிட்டுப் போய் டாய்லெட்ல ஒரு பாத்திரத்துல தண்ணி ரொப்பி உள்ள போட்டாங்க. விமானம் வழக்கம்போல மீனம்பாக்கத்துல இறங்குச்சு.

(அந்த ஃபோன் நோட் 7 இல்ல. நோட் 2! எல்லாரும் 7-ஐப் பாத்துக்கிட்டிருக்க, பழைய 2 புகைஞ்சுது.)

இதுல கவனிக்க வேண்டியது அந்த தண்ணி. லித்தியம் பேட்டரி ஒரு தடவை சூடேற ஆரம்பிச்சா, ஒரு செல்லோட சூடு பக்கத்து செல்லைக் கிளப்பும், அது அடுத்ததைக் கிளப்பும். அணைப்பான் தீயோட நாக்கை அடக்கும், உள்ள இருக்குற சூட்டை அடக்காது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கிளம்பும். தண்ணி ஊத்தி ஊத்திக் குளிர வெச்சாதான் அடங்கும். அதுக்கு ஒரு ஆள் வேணும், கைக்கு எட்டணும். வயித்துப்பகுதியில கிடக்குற சூட்கேஸுக்குள்ள யார் போய் தண்ணி ஊத்துறது?

2010 செப்டம்பர் 3-ம் தேதி துபாய்லேர்ந்து கிளம்பின யூபிஎஸ் சரக்கு விமானம் இதாலதான் போச்சு. சரக்கோட சரக்கா ஆயிரக்கணக்கான லித்தியம் பேட்டரி. தீப்பிடிச்சு, விமானி அறை முழுக்கப் புகை சூழ்ந்து, திரும்பி இறங்க முயற்சி பண்ணும்போது விழுந்துருச்சு. ரெண்டு விமானிகளும் இறந்துட்டாங்க. 2016 ஏப்ரல்லேர்ந்து பயணிகள் விமானத்துல லித்தியம் அயான் பேட்டரிகளைத் தனிச் சரக்கா ஏத்தவே கூடாதுன்னு உலக விமான அமைப்பு விதி போட்டுச்சு.

அதனாலதான்மா உன் கையில இருக்கணும்னு சொல்றான். மேல் பெட்டிகூட இப்ப வேணாங்கறதும் அதே காரணம்தான். மூடின பெட்டிக்குள்ள புகை வர ஆரம்பிச்சா வெளிய தெரியறதுக்குள்ள முத்திடும். கால்கிட்ட இருந்தா உனக்கே தெரிஞ்சுடும்.

"தெரிஞ்சா?"

"பட்டனை அமுக்கி அவங்களைக் கூப்பிடு. நீயா எதையும் தொடாத."

"நல்லா இருக்குடி உங்க ஏற்பாடு."

இதுக்கு நேர் எதிரா ஒரு கூத்து 2017-ல நடந்தது ஞாபகம் இருக்கா? ஓஎம்ஆர்ல ஐடி வேலை பாக்குறவங்க மறந்திருக்க மாட்டாங்க.

2017 மார்ச் 21. அமெரிக்கா திடீர்னு ஒரு உத்தரவு போட்டுச்சு. எட்டு நாட்டுல பத்து விமான நிலையத்துலேர்ந்து நேரா அமெரிக்கா வர்ற விமானங்கள்ல ஃபோனைவிடப் பெரிய எலெக்ட்ரானிக் சாமான் எதுவும் கையில இருக்கக்கூடாது. லேப்டாப், டேப்லெட், கேமரா எல்லாம் கீழ பெட்டிக்குள்ள. அந்தப் பத்துல துபாய், அபுதாபி, தோஹா மூணும் உண்டு. சென்னையிலேர்ந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது, நம்ம ஜனங்கள்ல பாதி அந்த மூணு ஊர் வழியாதான் போவாங்க. கேக்கணுமா!

காரணமாப் பேசப்பட்டது குண்டு. அதுக்கு முந்தின வருஷம் பிப்ரவரியில சோமாலியாவுல மொகதீஷுலேர்ந்து கிளம்பின டாலோ ஏர்லைன்ஸ் விமானத்துல ஒருத்தன் லேப்டாப்புக்குள்ள குண்டு வெச்சு வெடிச்சான். பக்கச்சுவர்ல ஓட்டை விழுந்து அவனே வெளிய தூக்கி வீசப்பட்டான். மத்தவங்க எல்லாரும் உயிரோட தரையிறங்கினாங்க. அந்த மாதிரி இன்னொண்ணு வந்துடக்கூடாதுன்னு பயம். பயத்தை நான் குறை சொல்லல. ஆனா அதை அமல்படுத்தின விதம் இருக்கே...

பிரிட்டனும் அதே நாள் தடை போட்டுச்சு. ஆனா அவங்க பட்டியல்ல ஆறு நாடு, அதுல அமீரகமும் கத்தாரும் இல்ல. அதாவது அதே துபாய், அதே லேப்டாப். லண்டன் போற கேட்ல நின்னா மடியில வெச்சுக்கலாம். நியூயார்க் போற கேட்ல நின்னா உயிருக்கு ஆபத்து.

அப்ப எங்க டீம்ல ஒரு பையன் டல்லாஸுக்குக் கிளம்பினான். எங்க ஆபீஸ் விதி, கம்பெனி லேப்டாப்பை எக்காரணம் கொண்டும் செக்-இன் பண்ணக்கூடாது, தகவல் பாதுகாப்பு. விமான விதி, செக்-இன் பண்ணியே ஆகணும். ரெண்டு மின்னஞ்சலையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சுட்டு எங்க மேனேஜரைப் பாத்தான். மேனேஜர் சீலிங்கைப் பாத்தார். ஃப்ராங்க்ஃபர்ட் வழியாவோ லண்டன் வழியாவோ போனா இந்தத் தொல்லையே இல்ல, ஆனா டிக்கெட் ஏற்கெனவே போட்டாச்சு. கடைசியில துபாய் கேட் வரைக்கும் அதுல வேலை பாத்தான், அங்க வாங்கி ஒரு பெட்டியில பத்திரமாப் போட்டு கீழ அனுப்பினாங்க, டல்லாஸ்ல திரும்பக் கிடைச்சுது. அந்தப் பதினாறு மணி நேரம்தான் தன் வாழ்க்கையிலேயே நல்லாத் தூங்கின நேரம்னு சொன்னான்.

விமான நிறுவனங்க சமாளிச்ச விதம் ரசிக்கும்படியா இருந்துச்சு. எமிரேட்ஸ் மேல்வகுப்புக்காரங்களுக்கு டேப்லெட் கடன் குடுத்தாங்க, கத்தார் லேப்டாப்பே குடுத்தாங்க. ராயல் ஜோர்டானியன், லேப்டாப் இல்லாம பன்னெண்டு மணி நேரம் என்னென்ன பண்ணலாம்னு ஒரு கிண்டல் பட்டியல் போட்டாங்க. ஜூலை 2-ம் தேதி அபுதாபிக்கு முதல்ல தடை நீங்கிச்சு, 5-ம் தேதி துபாய்க்கு, அந்த மாசத்துக்குள்ள எல்லாருக்கும்.

ஆனா இதுல பெரிய முரண் அதுக்கப்புறம்தான். அதே வருஷம் அமெரிக்காவோட விமானத்துறை அமைப்பு எஃப்ஏஏ சோதனை பண்ணிப் பாத்தாங்க. முழு சார்ஜ்ல இருக்குற லேப்டாப்பை சூட்கேஸ்ல வெச்சு, பக்கத்துல தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே டப்பா ஒண்ணையும் வெச்சு, பேட்டரியை சூடாக்கினாங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள தீ, அப்புறம் டப்பா வெடிச்சுது. சரக்கறையில இருக்குற அணைப்பு வாயு இதைத் தடுக்காதுன்னு முடிவுக்கு வந்து, லேப்டாப்பை கீழ போடாம இருக்கறதே நல்லதுன்னு உலக அமைப்புக்குப் பரிந்துரை அனுப்பினாங்க. மார்ச்ல கீழ போடுங்கறது, அக்டோபர்ல கீழ போடாதேங்கறது.

குண்டுக்குப் பயந்தா கீழ. தீக்குப் பயந்தா மேல. எதுக்குப் பயப்படறாங்கன்னு தெரிஞ்சா விதி என்னவா இருக்கும்னு தெரிஞ்சுடும். இன்னைக்குத் தேதிக்கு தீ பயம்தான் ஆட்சியில இருக்கு.

சரி, தத்துவம் போதும். சுருக்குப்பைக்கு வருவோம்.

பெரிய சிக்கல் செக்யூரிட்டியில வர்றதில்ல. அதுக்கு அப்புறம் வரும். கைப்பையில பவர் பேங்க்கை ஒழுங்கா வெச்சு, எல்லாம் தாண்டி, கேட்ல வரிசையில நிக்கும்போது ஒருத்தர் வந்து, விமானம் ஃபுல், உங்க பையைக் கீழ போட்டுடறோம், டேக் மாட்டுங்கன்னுடுவார். சென்னையிலேர்ந்து தூத்துக்குடி போற ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்னா படிக்கட்டுக்கிட்டயே வாங்கிடுவாங்க. கைப்பை அந்த நிமிஷம் செக்-இன் பையா மாறிடும். உள்ள பவர் பேங்க் இருக்கே! பின்னாடி முப்பது பேர் நிக்க, நடுவழியில குந்திட்டு, உள்ளாடை, ஊறுகா, மாத்திரை டப்பா எல்லாத்தையும் வெளிய எடுத்து அடியில கிடக்குறதைத் தேடணும். இதைப் பல பேர் பண்றதைப் பாத்திருக்கேன்.

இதுக்கு நான் முயற்சி பண்ணாத வழியில்ல. முதல்ல பையோட வெளி ஜிப்ல வெச்சேன், மழையில நனையுது. அப்புறம் இடுப்புல மாட்டுற பை வாங்கினேன், செக்யூரிட்டியில ஒவ்வொரு தடவையும் கழட்டணும், புடவையோட சரிப்படல. ஜாக்கெட் பாக்கெட்ல வெக்கலாம்னா மே மாசம் சென்னையில ஜாக்கெட்டா?

அம்மாதான் வழி சொன்னாங்க. பீரோவுலேர்ந்து ஒரு சுருக்குப்பை எடுத்தாங்க. பாட்டி வெத்தலை பாக்கு வெச்சிருந்தது, இன்னும் லேசா வாசனை இருக்கு. பவர் பேங்க், கேபிள் ஒண்ணு, காதுமிஷின் பேட்டரி அட்டை, எல்லாம் அதுக்குள்ள. கயித்தை இழுத்து முடிஞ்சு கைப்பைக்கு மேலாக்க வெச்சுட்டாங்க. எவன் எப்ப பையைக் கேட்டாலும் கயித்தைப் பிடிச்சு ஒரே இழுப்பு, இடுப்புல சொருகிக்கலாம். செக்யூரிட்டி தட்டுலயும் அப்படியே வெக்கலாம். சீட்ல உக்காந்ததும் முன்னாடி பையில போட்டுடலாம்.

நான் ஆன்லைன்ல காசு குடுத்து வாங்கினதெல்லாம் இப்ப பரண்ல.

காதுமிஷின் பத்தி ஒரு வார்த்தை. அதைக் கழட்ட வேண்டியதில்ல, ஏறும்போது இறங்கும்போது அணைக்கவும் வேண்டியதில்ல. பிபி மிஷினுக்குப் போடுற சாதாரண பென்சில் செல்லை அதுக்குள்ளயே விட்டுடலாம். ஆனா எங்க ஏரியாவுல பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியூர்லேர்ந்து, வெளிநாட்டுலேர்ந்து வந்து வைத்தியம் முடிச்சுத் திரும்பிப் போறவங்களை தினமும் பாக்கறேன். சில பேர் கையில ஆக்சிஜன் குடுக்குற சின்ன மிஷின் இருக்கும். அவங்களுக்கு கதை வேற. அதோட பேட்டரிக்கு விமான நிறுவனத்துக்கிட்ட முன்னாடியே சொல்லி அனுமதி வாங்கணும், பறக்குற நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு தாங்குற அளவு பேட்டரி கேக்குற நிறுவனங்க உண்டு. கிளம்புற அன்னைக்கு கவுன்ட்டர்ல பேசிக்கலாம்னு நினைச்சுடாதீங்க. டாக்டர் கடிதம் வாங்கும்போதே இந்த வேலையையும் முடிச்சுடுங்க.

அடுத்தது. பவர் பேங்க் கையில இருக்கு, ஆனா பறக்கும்போது அதுல சார்ஜ் போடக்கூடாது. அப்ப சென்னையிலேர்ந்து நியூஜெர்சி வரைக்கும் ஃபோன் எப்படி உயிரோட இருக்கும்?

சீட்ல யூஎஸ்பி ஓட்டை இருக்கும். இருக்கும்னா இருக்கும். வேலை செய்யும்னு சொல்லல. போன தடவை நான் போனப்போ என்னோடது செத்துக் கிடந்தது, பக்கத்து சீட்காரரோடது ஆமை வேகம். இன்னொரு விஷயம், பழைய விமானங்கள்ல இருக்குறது பழைய அகலமான ஓட்டை. இப்ப ஃபோனோட வர்ற கேபிள் ரெண்டு பக்கமும் சின்ன மூக்கு. சொருகவே சொருகாது. அகல மூக்கு கேபிள் ஒண்ணு தனியா எடுத்துக்கோங்க. பழசு ஒண்ணு எல்லார் வீட்லயும் எங்கயோ கிடக்கும்.

வீட்லேர்ந்து கிளம்பும்போது நூறுல கிளம்பணும். கேப்ல மேடவாக்கம், கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, பல்லாவரம்னு மெட்ரோ பள்ளத்தைச் சுத்திப் போற நேரத்துல ரீல்ஸ் பாத்துத் தீத்துடாதீங்க (அம்மாவைத்தான் சொல்றேன்). ஏறினதும் ஃப்ளைட் மோட். சிக்னல் தேடித் தேடித்தான் ஃபோன் பாதி சார்ஜை விழுங்கும், அது நின்னாலே நாள் முழுக்கத் தாங்கும். 2014 வரைக்கும் நம்ம நாட்டுல ஏறும்போதும் இறங்கும்போதும் ஃபோனை முழுசா அணைக்கச் சொல்வாங்க, ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் ஏப்ரல்லதான் டிஜிசிஏ ஃப்ளைட் மோட்ல வெச்சுக்க விட்டாங்க.

துபாய்ல இறங்கினதும் கேட் பக்கத்துல உக்காந்து முழுசா சார்ஜ். நம்ம ரெண்டு உருண்டைக் கம்பி சார்ஜர் அங்க போகாது, அங்க சதுரக்கம்பி மூணு. அமெரிக்காவுல தட்டைக்கம்பி. எல்லாத்துக்கும் சேத்து ஒரு அடாப்டர் போதும். சார்ஜ் ஏத்தறதுல இன்னொரு காரணமும் இருக்கு. 2014 ஜூலையில அமெரிக்கா ஒரு விதி கொண்டு வந்துச்சு. சில வெளிநாட்டு விமான நிலையங்கள்ல, ஃபோனை ஆன் பண்ணிக் காட்டுன்னு கேக்கலாம், ஆன் ஆகலன்னா அதை ஏத்த முடியாது. செத்த ஃபோனோட அந்த கேட்டுக்குப் போகாதீங்க.

இவ்ளோ சொல்லியும் நான் நம்பறது காகிதத்தை. எங்க தெரு முனை ஜெராக்ஸ் கடையில டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ், அக்கா வீட்டு முகவரி, மாமா ஃபோன் நம்பர், எல்லாம் பெரிய எழுத்துல பிரின்ட் எடுத்துட்டேன். கடைக்கார அண்ணன் "எல்லாம் ஃபோன்லயே இருக்கும்ல?"ன்னார். இருக்கும். ஃபோன் இருக்கணுமே.

ஒரு எச்சரிக்கை. படுக்குற மாதிரி சாயற சீட்ல ஃபோன் இடுக்குல விழுந்துட்டா சீட்டை நகத்தாதீங்க. நசுங்கி, பேட்டரி குத்துப்பட்டு, அதே புகைக் கதைதான். கூப்பிட்டுச் சொன்னா அவங்களே எடுத்துக் குடுப்பாங்க.

இப்ப பெரிய பெட்டி.

அக்கா கேட்ட பட்டியல்ல முதல் ஐட்டம் கொசு பேட்.

நியூஜெர்சியில கோடையில கொசு உண்டாம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்துல வளந்த பொண்ணுக்கு அந்த டப் டப் சத்தம் இல்லாம தூக்கம் வராது போல. பிரச்சனை என்னன்னா, அதுக்குள்ள சார்ஜ் ஏத்துற பேட்டரி இருக்கு. என்ன பேட்டரின்னு மேல எழுதவே மாட்டாங்க. ஒண்ணு ஈய-அமிலம், இல்ல லித்தியம். ஏதுன்னு தெரியாததை, தட்டினா பொறி பறக்குறதை, கையிலயும் எடுத்துட்டுப் போக முடியாது, பெட்டியில போடவும் எனக்கு மனசு வரல. பென்சில் செல் போடுற மாடலும் கடையில கிடைக்குது. அதை வாங்கி, செல்லைக் கழட்டிட்டுப் போட்டாச்சு.

ரெண்டாவது ஐட்டம் டேபிள் டாப் கிரைண்டர். இதுல பேட்டரி இல்ல, பயமில்ல. பயம் எடைதான். அப்புறம் 110 வோல்ட் மாடலானு பாத்து வாங்கணும், இல்லன்னா அங்க போய் கல்லு சுத்தாம தவம் பண்ணும். எக்ஸ்ரேயில கல்லு கருப்புக் கட்டியாத் தெரியும்போல, திறந்து பாப்பாங்கன்னு மாமா சொன்னார். துணியில சுத்தாம, எளிசா எடுத்துப் பாக்குற மாதிரி மேலாக்க வெச்சோம்.

அப்புறம் கொப்பரை. இது எலெக்ட்ரானிக் இல்ல, தெரியும். ஆனா சொல்லியே ஆகணும். 2022-லேர்ந்து செக்-இன் பெட்டியில கொப்பரைக்குத் தடை. எண்ணெய் ஜாஸ்தி, தானா சூடேறிப் பத்திக்கும். "தேங்காயுமாடி பேட்டரி?"ன்னாங்க அம்மா. கிட்டத்தட்ட.

பெட்டிக்குள்ள, அது எங்க இருக்குன்னு காட்டுற ஏர்டேக் ஒண்ணு போட்டிருக்கேன். போடலாமான்னு கேக்குறீங்கல்ல? போடலாம். பொத்தான் பேட்டரிதான், லித்தியம் 0.1 கிராம், அனுமதி 0.3 வரைக்கும். 2022-ல ஒரு ஜெர்மன் விமான நிறுவனம் கொஞ்ச நாள் வேணாம்னு குழப்பி, அப்புறம் சரின்னுடுச்சு. ஆனா பேட்டரி கழட்டவே முடியாத ஸ்மார்ட் சூட்கேஸ் வாங்கிடாதீங்க. 2018 ஜனவரியிலேர்ந்தே அமெரிக்கன், டெல்டா, அலாஸ்கா மூணும் அதை ஏத்துறதில்ல.

மாமாவுக்கு ஒரு ட்ரிம்மர், அக்கா பையனுக்கு அதிருற டூத்பிரஷ். ரெண்டுலயும் பேட்டரி உள்ளயே பொதிஞ்சிருக்கு, பெட்டியில போகலாம், கையில இன்னும் நல்லது. அம்மா எப்படியும் பெட்டியிலதான் போடுவேன்னாங்க. சரி, ஒண்ணு மட்டும் செய், ஸ்விட்ச் மேல அகலமா ஒரு டேப் ஒட்டுன்னேன். இடிபட்டு ஸ்விட்ச் அமுங்கினா, பெல்ட்ல போற பெட்டி தன்னால கிர்ர்ர்னு அதிரும். அதைப் பாக்குற ஆளு டூத்பிரஷ்னு நினைக்க மாட்டான். உங்க பேரை மைக்ல கூப்பிடுவான். எங்கம்மா பேரை ஒரு துபாய்க்காரர் எப்படி உச்சரிப்பார்னு கேக்க எனக்கு ஆசைதான், ஆனாலும் டேப்பை ரெண்டு சுத்தா ஒட்டிட்டேன்.